சுருட்டுத் தோட்டத்து அழகு மரம்: கோலசிலாங்கூருக்குச் செம்பனை கொண்டுவந்த ஹென்றி ஃபோக்கோனியே

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பெரியவர்களுக்கு ஊர் சட்டென்று பிடிபடும். தோட்டத்தின் பெயர் நல்ல தமிழ்ப் பெயர். ஆனால் அது வரலாற்றில் இடம்பிடித்தது தென்னையால் அல்ல. மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இங்கேதான், 1917-ல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை.

பிரான்சில் அவரை எழுத்தாளராகத்தான் தெரியும். அந்நாட்டின் மிகப் பெரிய இலக்கியப் பரிசை வாங்கியவர் அவர். அந்த நாவலின் களம் நம் சிலாங்கூர்க் காடும் கித்தாத் தோட்டமும். அதில் நம் தமிழர்களும் வருகிறார்கள். அப்படியிருந்தும் இந்த வட்டாரத்தில் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

அவர் கொண்டுவந்த செம்பனை விதை வந்த வழி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. அது எண்ணெய்க்காக வளர்க்கப்பட்ட மரத்தின் விதை அல்ல. சுமத்ராவின் டெலி பகுதியில், உலகத்துச் சுருட்டுப் பிரியர்கள் தேடித்தேடி வாங்கிய புகையிலை விளைந்த தோட்டங்களில், பாதையோரம் அழகுக்கு நின்ற மரங்களின் வழியில் வந்தது.

ஃபோக்கோனியே 1879 பிப்ரவரி 26-ல் தென்மேற்கு பிரான்சின் பார்பெசியூ என்ற சிற்றூரில் பிறந்தார். கோன்யாக் பிராந்தி விளையும் ஷரான்ட் மாவட்டம் அது. குடும்பமும் கோன்யாக் தொழிலில் இருந்த குடும்பம். அந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே சுவை பார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பிழைப்பு. திராட்சை ரசத்தை இரண்டு முறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் ஊற வைப்பார்கள். பிறகு கிடங்கின் தலைவர் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் சிறிது எடுத்து முகர்வார், நாக்கில் வைப்பார், பக்கத்துப் பீப்பாயோடு ஒப்பிடுவார். எதோடு எதைக் கலப்பது என்பதை அந்த மூக்கும் நாக்கும்தான் முடிவு செய்யும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மண்ணை வைத்து ஆறு தரப் பிரிவுகள் உண்டு. பார்பெசியூ இருப்பது அவற்றில் இரண்டாவதாக மதிக்கப்படும் பெத்தித் ஷாம்பாஞ் பகுதியில்.

அவர் பிறந்த காலம் நல்ல காலம் அல்ல. ஃபைலாக்செரா என்ற வேர்ப்பூச்சி அந்த ஆண்டுகளில்தான் ஷரான்ட் திராட்சைக் கொடிகளைத் தின்றுகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த தோட்டங்கள் சில ஆண்டுகளில் பட்டுப்போயின. ஒரே பயிரை நம்பி நின்ற மாவட்டம் அது. அந்தப் பயிர் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. கித்தா விலை விழுந்தபோதெல்லாம் தோட்டப்புறம் எப்படி ஆடியது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இளமையில் அவருக்குத் தொழிலை விட இசையிலும் எழுத்திலும்தான் நாட்டம். முசே என்ற குடும்ப வீட்டில் நண்பர்களோடு சேர்ந்து நாடகம் போடுவார், பாட்டு அமைப்பார். அந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் பின்னாளில் ஜாக் ஷார்தோன் என்ற பெயரில் பெரிய எழுத்தாளரானவர். தந்தை இறந்த பிறகு குடும்பச் சுமை கூடியது. ஃபோக்கோனியே இங்கிலாந்துக்குப் போய் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தார். போர்னியோவில் சவ்வரிசி பயிரிட்டால் பணம் பார்க்கலாம் என்று எங்கோ படித்தது அவரைப் பிடித்துக்கொண்டது. எழுதுவதற்கு ஓய்வு வேண்டும், ஓய்வுக்குப் பணம் வேண்டும், பணம் கிழக்கே இருக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. வினோதமான கணக்குதான். ஆனால் கடைசியில் அது பலித்தது.

1905-ல் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறினார். சிங்கப்பூரில் இறங்கியதும் திட்டம் மாறியது. எல்லோரும் ரப்பர் என்றுதான் பேசினார்கள். சவ்வரிசியை மறந்துவிட்டு கிள்ளான் பக்கம் ஒரு துரையிடம் சில மாதங்கள் தொழில் பழகினார். பிறகு சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங் குன்றில் நிலம் எடுத்தார். காடு வெட்டி, எரித்து, கன்று நட்டு, மேட்டில் ஒரு வீடும் கட்டினார். பனை வீடு என்று பெயர். அவர் நாவலிலும் ஒரு பனை வீடு வருகிறது.

காடு வெட்டியவரும் கன்று நட்டவரும் அவர் ஒருவர் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. சஞ்சி முறை முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் திரட்டிவரும் முறை வலுத்துக்கொண்டிருந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் சிலாங்கூர்த் தோட்டங்களின் லயன்களில் குடியேறினார்கள். ஃபோக்கோனியே மலாயும் கற்றார், தமிழும் கற்றார். வேலை வாங்கத் தமிழ் பேசிய துரைகள் ஏராளம். அதற்கென்று ஒரு தோட்டத் தமிழே இருந்தது. ஆனால் இவர் பழகிய மனிதர்களை மறக்காமல் பின்னால் எழுத்திலும் கொண்டுவந்தவர்.

1910-ல் லண்டன் சந்தையில் ரப்பர் ஒரு பவுண்டு எடைக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் போனது. அந்த ஏற்றத்துக்குச் சற்று முன்பே ஆத்ரியன் ஹாலே என்ற பெல்ஜியக்காரர் ஃபோக்கோனியேவோடு கைகோத்திருந்தார். ரப்பருக்கு முதலீடு திரட்ட 1909-ல் ஹாலே தொடங்கிய நிறுவனம்தான் சாக்ஃபின். சிலாங்கூர்த் தோட்டக்காரர்களுக்கு அந்தப் பெயர் நீண்ட காலம் பழக்கமாக இருந்தது. ஷரான்ட் நண்பர்கள் பலரும் வந்து ஃபோக்கோனியேவின் தோட்டங்களில் பொறுப்பேற்றார்கள்.

இந்த ஹாலேதான் கதையைச் சுமத்ராவுக்கு இழுத்துப் போகிறார்.

மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், மேடானைச் சுற்றியுள்ள நாடு டெலி. 1863-ல் யாகோபஸ் நின்ஹைஸ் என்ற டச்சுக்காரர் அங்கே புகையிலை போட்டுப் பார்த்தார். அதன் இலை ஐரோப்பாவுக்குப் போனதும் வியாபாரிகளின் கண் விரிந்தது. காரணம் புரிய சுருட்டின் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பியச் சுருட்டு மூன்று அடுக்கு. நடுவில் உதிர்த்த இலை, அதைப் பிடித்து நிறுத்த ஓர் உள்கட்டு இலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்வை இலை. கைக்கு மென்மையாகப் படுவதும் உதட்டில் முதலில் படுவதும் இந்தப் போர்வைதான். சுருட்டை ரசித்துப் பிடிப்பவர்கள் அவசரமாகப் பற்றவைக்க மாட்டார்கள். முதலில் நிறம் பார்ப்பார்கள், நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், விரலால் அமுக்கி ஈரப்பதம் பார்ப்பார்கள், பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். பற்றவைத்த பிறகு தீ ஒரே சீராக இறங்குகிறதா, சாம்பல் உதிராமல் நிற்கிறதா என்று கவனிப்பார்கள். முதல் பகுதியின் சுவையும் கடைசிப் பகுதியின் சுவையும் ஒன்றாக இருக்காது. அதையும் மனத்தில் குறித்துக்கொள்வார்கள். சிலர் நோட்டுப் புத்தகமே வைத்திருப்பார்கள்.

அப்படி ஒப்பிடுபவர்களிடம் டெலி இலைக்குத் தனி மரியாதை. மெல்லியது, ஆனால் இழுத்தால் கிழியாது. வெளிர் பழுப்பு நிறம். நரம்பு கண்ணுக்கே தெரியாத அளவு சன்னம். தன் சுவையை அதிகம் திணிக்காமல் உள்ளே இருக்கும் இலையைப் பேச விடும். பிரேசில் போர்வை இலை கறுத்தது, அதற்கு ஓர் இனிப்பு உண்டு. ஹவானா இலைக்கு மண் வாசனையும் காரமும் உண்டு. டெலி இலையோ அடக்கமானது. மெல்லியது என்பதால் குறைந்த எடையில் நிறையச் சுருட்டுகளைச் சுற்றலாம் என்பது ஆலைக்காரரின் லாபம். நெதர்லாந்துச் சுருட்டுகளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே இந்தச் சுமத்ரா இலைதான். போட்டி தாங்காமல் அமெரிக்காவின் கனெக்டிகட் விவசாயிகள் 1900 வாக்கில் வயலுக்கு மேல் துணி கட்டி நிழலில் சுமத்ரா விதையை வளர்க்கத் தொடங்கினார்கள்.

நம் ஊர்ச் சுருட்டு வேறு வகை. திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றுவது இரு முனையும் வெட்டியது, முரடானது, காரமானது. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு வழங்கும் செரூட் என்ற சொல்லே தமிழின் சுருட்டிலிருந்து போனதுதான். தோட்டங்களில் முனியாண்டிக்குப் படையல் போடும்போது வைப்பதும் இந்தக் காரச் சுருட்டுதான். டெலி இலையின் நாசூக்கு முனியாண்டிக்கு ஆகாது.

அந்த நாசூக்குக்கு மனிதர்கள் கொடுத்த விலை பெரியது. டெலியில் புகையிலை போட்ட நிலத்தை ஓர் அறுவடைக்குப் பிறகு ஏழெட்டு ஆண்டுகள் சும்மா விட வேண்டும். அதனால் ஆண்டுதோறும் புதுக் காடு வெட்டப்பட்டது. சீனர்களும் ஜாவாக்காரர்களும் ஒப்பந்தக் கூலிகளாக அந்த வேலையில் மாட்டினார்கள். பினாங்கு வழியாகப் போன தமிழர்கள் மாட்டு வண்டி ஓட்டினார்கள், பாதை போட்டார்கள், வடிகால் வெட்டினார்கள். மேடானில் கம்போங் கெலிங் என்று பேர்பெற்ற பகுதி உருவானது இப்படித்தான். 1880-ல் வந்த கூலிச் சட்டம், ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைச் சிறையில் தள்ளவே வழி செய்தது. 1902-ல் வான் டென் பிராண்ட் என்ற வழக்கறிஞர் டெலியின் கொடுமைகளை அச்சிட்டு வெளியிட்டதும் நெதர்லாந்தே அதிர்ந்தது. ஆம்ஸ்டர்டாமில் இலையின் நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரித்தவர்களுக்கு இதில் எதுவும் அந்த இலையில் தெரிந்திருக்காது.

அந்தத் தோட்டங்களில், துரைகள் குதிரை வண்டியில் போகும் பாதையின் இரு பக்கமும் நின்றதுதான் ஆப்பிரிக்கச் செம்பனை. 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த கன்றுகள் நான்கே நான்கு. இரண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து, இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகள் பக்கமிருந்து. அவற்றின் வாரிசுகள் டெலிக்குப் போய்ப் பாதையோர அலங்காரமாயின. பழம் கொத்துக் கொத்தாகக் காய்த்துச் சிவந்து விழுந்தது. பல ஆண்டுகளாக அதைத் தொழிலாக யாரும் எண்ணவில்லை. இரண்டு புகையிலை இலைகளுக்கு இடையே மயிரிழை வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள், தலைக்கு மேலே காய்த்துக் குலுங்கியதை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

பார்த்தவர் ஹாலே. அவர் ஆப்பிரிக்காவின் காங்கோவை அறிந்தவர். அங்கே காட்டில் நிற்கும் பனையையும் டெலியில் பாதையோரம் நிற்கும் பனையையும் மனத்தில் ஒப்பிட்டார். டெலி மரம் சீக்கிரம் வளர்கிறது, அதன் பழத்தில் சதை கூடுதல், எண்ணெய் கூடுதல். 1911-ல் கிழக்குச் சுமத்ராவின் புலு ராஜாவிலும் ஆச்சே பக்கம் சுங்கை லிபுட்டிலும் அவர் பெரிய அளவில் நடவு தொடங்கினார்.

அதே ஆண்டு அதைப் பார்த்துவிட்டு டெலி விதைகளோடு சிலாங்கூர் திரும்பினார் ஃபோக்கோனியே. 1911-லும் 1912-லும் ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். எங்கே நட்டார் என்பதுதான் ரசமானது. இங்கேயும் பாதையோரம் அழகுக்குத்தான்! சுருட்டுத் தோட்டத்துப் பழக்கம் மரத்தோடு சேர்ந்தே நீரிணையைக் கடந்து வந்துவிட்டது. ரப்பர் உச்சத்தில் இருந்தபோது வேறு பயிருக்கு நிலம் ஒதுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது.

பிறகு போர் வந்தது. 1914-ல் ஃபோக்கோனியே பிரான்சுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். 1917-ல் மதலேன் மெஸ்லியே என்பவரை மணந்தார். அதே ஆண்டில் தென்னமரம் தோட்டத்தில் காப்பி சரியாக வராமல் போன நிலத்தில், ரந்தாவ் பாஞ்சாங் மரங்களின் விதையிலிருந்து எழுந்த கன்றுகள் நடப்பட்டன. அழகு மரம் முதன்முறையாக வரிசை பிடித்து வயலுக்குள் இறங்கியது. அதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம்.

தொழிலாளிக்கு இது வேறு வேலை. கித்தா என்றால் விடியுமுன் எழுந்து, பட்டை சீவி, பால் எடுத்து வர வேண்டும். கை நுணுக்கம் வேண்டும், பெண்களும் சம அளவில் செய்தார்கள். செம்பனை என்றால் உளியும் பின்னர் நீளக் கழியில் கட்டிய அரிவாளும், கிலோ கணக்கில் கனக்கும் முள் குலைகளும், அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரமும். பழம் தாமதித்தால் எண்ணெய் கெட்டுவிடும். இங்கே மகரந்தம் சேர்க்கும் பூச்சி போதுமான அளவு இல்லாததால் பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பூவில் மகரந்தத் தூள் தூவினார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை முடிந்தது. அதோடு பல தாய்மாரின் கூலியும் முடிந்தது.

போருக்குப் பிறகு குடும்பத்தோடு மலாயா திரும்பிய ஃபோக்கோனியே நெடுங்காலம் தங்கவில்லை. 1925-ல் துனிசியாவில் துனிஸ் நகரத்தை அடுத்த ராதெஸுக்குக் குடிபோனார். பணம் சேர்ந்திருந்தது. ஓய்வும் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கின் கடைசி வரி எழுத்துதானே. எழுத உட்கார்ந்தார்.

1930-ல் ஸ்டாக் பதிப்பகம் வெளியிட்ட அந்த நாவலின் பெயர் மலேஸி. இளமை நண்பர் ஷார்தோன் பங்குதாரராக இருந்த பதிப்பகம் அது. அந்த ஆண்டின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டு தி சோல் ஆஃப் மலாயா என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. லெஸ்கால் என்ற இளம் பிரெஞ்சுக்காரர், ரோலேன் என்ற பழைய தோட்டக்காரர், ஸ்மாயில் என்ற மலாய் இளைஞன் ஆகியோரைச் சுற்றி நகரும் கதை. மலாய்ப் பந்துன் பாடல்கள் நாவல் முழுக்க விரவி நிற்கின்றன. முடிவு ஸ்மாயிலின் வெறியாட்டத்தில் போய் நிற்கிறது. அவருக்கு முன்னும் பின்னும் மலாயாவைப் பற்றி எழுதிய ஐரோப்பியர்கள் பலருடைய உலகம் கிளப்பின் வராந்தாவோடு முடிந்துவிடும். இவர் வராந்தாவை விட்டு இறங்கி நடந்தவர்.

ஆனால் நம் கண்ணோடு படித்தால் உறுத்தும் இடமும் உண்டு. நாவலில் பழனியாயி என்ற தமிழ்த் தோட்டப் பெண் வருகிறாள். துரையோடு அவளுக்கு ஏற்படும் உறவை மென்மையாகத்தான் எழுதியிருக்கிறார். அவள் அழகும் அமைதியும் தெரிகின்றன. மறுக்கும் உரிமை அவளுக்கு எவ்வளவு இருந்தது என்ற கேள்வி மட்டும் நாவலில் எழுவதே இல்லை. லயனில் இருப்பவளுக்கும் பங்களாவில் இருப்பவனுக்கும் நடுவே இருந்தது வெறும் மேடு அல்ல. கூலி, குடியிருப்பு, குடும்பத்தின் பிழைப்பு எல்லாம் அந்த மேட்டின் மேல் இருந்தன. நுட்பமாக ருசி பார்க்கத் தெரிந்த எழுத்தாளர் அதை ருசித்த அளவுக்கு எடை போடவில்லை.

பரிசுக்குப் பிறகு அவர் எழுதியது கொஞ்சம். 1938-ல் விசியோன் என்ற கதைத் தொகுப்பு வந்தது. அவருடைய தங்கை ஜெனெவியேவ் 1933-ல் கிளோத் என்ற நாவலுக்காக ஃபெமினா பரிசு பெற்றார். ஒரே வீட்டில் இரண்டு பெரிய பரிசுகள். ஃபோக்கோனியே நீண்ட ஆயுள் வாழ்ந்து 1973 ஏப்ரல் 14-ல் பாரிஸில் காலமானார். அப்போது வயது 94.

அவர் கண் மூடிய காலத்தில் சிலாங்கூரில் கித்தா மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. 1960களில் தொடங்கிய மாற்றம் அது. ரப்பர் விலை சரியச் சரிய நாடே செம்பனைக்குத் திரும்பியது. உலகின் மிகப் பெரிய செம்பனை எண்ணெய் நாடு என்ற இடத்தை மலேசியா பிடித்தது. இன்று தோட்டங்களில் நடும் கலப்பினக் கன்றுக்குத் தந்தை ஆப்பிரிக்காவின் ஓடற்ற வகை. தாய் மரம் இன்றும் டெலி இனம்தான். விதைப் பண்ணைகளின் பதிவேடுகளில் டெலி என்ற சொல் அப்படியே இருக்கிறது. அந்தப் பெயர் ஒரு காலத்தில் சுருட்டுப் பெட்டியின் மேல் மட்டுமே பெருமையாக இருந்த பெயர்.

மேடான் பக்கம் டெலிப் புகையிலை வெகுவாகச் சுருங்கிவிட்டது. அந்த வயல்கள் பலவற்றில் கரும்பும் கட்டடங்களும் வந்துவிட்டன, மற்ற இடங்களில் பாதையோர மரமாக இருந்த செம்பனையே நிற்கிறது. கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலும் லயன்கள் காலியாகி, பிள்ளைகள் ஈஜோக்குக்கும் ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள். முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு மட்டும் கார்கள் மண் பாதையில் வரிசையாகத் திரும்பி வருகின்றன. பாதையின் இரு பக்கமும் செம்பனை. சாமிக்குச் சுருட்டு, ஊரிலிருந்து வந்த காரச் சுருட்டு, வாழை இலையில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும்.